பரம்புப் பலகையும் பாசஞ்சர் வண்டியும்

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் பெட்டியின் கீழ்ப்படி ஏறக்குறைய என் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். நல்ல கால் இருந்தவரை இது எனக்குத் தெரியாது. கையில் பை, இடுப்பில் மகள், கக்கத்தில் குடை என்று எத்தனையோ தடவை அந்தப் படியில் ஏறி மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் போயிருக்கிறேன். அது உயரம் என்பதைக் கால் போன பிறகுதான் பார்த்தேன்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் அல்ல. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கால் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா கேட்டதால் எழுதுகிறேன். "இந்த நோயோட வர்றவங்க முதல் வாரம் ரொம்பப் பயந்துடுறாங்கம்மா. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எழுந்து நடந்தவங்க சொன்னா நம்புவாங்க" என்றார். ஸ்டேஷன் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே எனக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்தவர்கள் இருக்கிறார்கள். குத்தாலத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு சில நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊறுவது போல இருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. வாசலுக்கு வந்து காலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "மறதியப் பாரு, செருப்ப ரோட்டுல விட்டுட்டு வர்றவள இப்பதான் பார்க்கிறேன்" என்று என் நாத்தனார் பாக்கியம் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் அரிசி களைய உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. உதவி ஆயா இரண்டு கையையும் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அதற்கு அடுத்த நாள் கரண்டி கையில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டு போனார். அவர் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல கால் என்றால் துள்ளுமாம். என் கால் சும்மா தொங்கியது. மறுபடியும் தட்டினார். பிறகு என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரிடம் பேசினார். "தஞ்சாவூருக்குக் கொண்டு போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. இப்பவே." அந்த "இப்பவே"யில்தான் எனக்குப் பயம் வந்தது.

தஞ்சாவூரில் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றி இருக்கிற நீரை எடுத்துச் சோதித்தார்கள். இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். வலியைவிட அசையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலைதான் பெரியது. அப்புறம் கையிலும் காலிலும் சின்னதாகக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். சீட்டில் ஜி.பி.எஸ். என்று எழுதினார்கள்; நரம்பைத் தாக்கும் ஒரு நோயின் இங்கிலீஷ் சுருக்கமாம்.

வார்டு டாக்டர் சின்ன வயசுக்காரர். என் கட்டில் பக்கத்தில் நின்று மேலே ஓடுகிற மின்விசிறி ஒயரைக் காட்டினார். "ஒயருக்கு மேல ரப்பர் உறை இருக்குல்ல? நரம்புக்கும் அப்படி ஒரு உறை இருக்கும்மா. வயித்துல வந்த கிருமிய எதிர்க்கப் போன உங்க உடம்போட சக்தி, ஆள் தெரியாம அந்த உறையவே கடிச்சிருச்சு. உள்ள இருக்கிற கம்பி நல்லாத்தான் இருக்கு. உறை மறுபடியும் வளரும். மெதுவா வளரும்."

"கால் வந்துடுமா சார்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"முக்கால்வாசிப் பேருக்கு மேல நல்லா வந்துடும். ஆனா இது கீழேருந்து மேல ஏறுற நோய். மூச்சு வரைக்கும் ஏறாம பார்த்துக்கணும். அதுக்குத்தான் இங்க வச்சிருக்கோம்."

மூச்சை எப்படிப் பார்ப்பார்கள் என்றால், நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். வார்டில் எல்லாரும் பார்க்க நான் சத்தமாக எண்ணுவதா? வாயே திறக்கவில்லை. டாக்டர் பயந்துபோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்.

பாக்கியம் அக்காதான் குறுக்கே வந்தார். "மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரு. இவளுக்கு வெக்கம். கல்யாணத்தன்னிக்குப் புருஷன் பேர் கேட்டதுக்கே சாயங்காலம் வரைக்கும் சொல்லல. ஏய் வசந்தா, நம்பர் வேணாம், பள்ளிக்கூடத்துப் புள்ளைவ பேரச் சொல்லு. சோறு போடறப்ப வரிசையாக் கூப்பிடுவியே, அதச் சொல்லு."

அமுதா, அன்பழகன், இளவரசன், கண்ணகி, கருணாகரன் என்று ஆரம்பித்தேன். அது சுலபமாக வந்தது. அன்றிலிருந்து டாக்டர் வந்தால் "பந்தி எதுவரைக்கும் போகுது?" என்று கேட்பார். ஒரு நாள் கண்ணகியோடு மூச்சு நின்றுவிட்டது. அன்று ஆக்சிஜன் வைத்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தண்ணீர் கடைவாயில் வழிந்தது. செத்துப்போவதைவிட, இதே மாதிரி எல்லாம் தெரிந்துகொண்டே அசையாமல் கிடந்துவிடுவேனோ என்றுதான் பயந்தேன். இந்த நோயில் அறிவு கொஞ்சமும் மங்காது. ஈ உட்கார்வது தெரியும், விரட்ட முடியாது.

இந்த இடத்தில் எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனார் காலத்திலிருந்து ஒன்பது மா நிலத்தை, ஏறக்குறைய மூன்று ஏக்கர், பக்கத்துப் பண்ணையாரிடம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். பண்ணையார் நிலத்தை விற்க நினைத்தார். குத்தகைதாரன் இருக்கும் நிலத்தை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். அதனால், கலியபெருமாள் குத்தகைதாரனே இல்லை, பண்ணை மாட்டையும் ஏரையும் வைத்துக் கூலிக்கு உழுத பண்ணையாள் என்று அவர் தரப்பில் வழக்குப் போட்டிருந்தார்கள். கலியபெருமாள் என்பது என் வீட்டுக்காரர். எங்கள் வக்கீல் அவரிடம் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "மாடு யாருது, ஏர் யாருது, பரம்பு யாருது, இதுதான்யா கேஸு. அவங்க பொருள் ஒண்ணு கூட உங்க வயல்ல இறங்கக் கூடாது. ஒரு போகம் தரிசாவும் கிடக்கக் கூடாது."

நான் ஆக்சிஜனில் இருந்த நாட்களில் பண்ணையாரின் காரியக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஆப்பிளும் கையுமாக வார்டு வராந்தாவில் நின்றார். "விட்டுக் குடுத்துடு கலியபெருமாளு. வைத்தியச் செலவு முழுக்கப் பெரியவர் பார்த்துக்கிறேங்கிறாரு. வெளியூர் ஊசி ஒண்ணு இருக்காமே, யானை விலையாம். அதையும் போட்டுக்கலாம்."

என் வீட்டுக்காரர் நேரே டாக்டரிடம் போனார். அந்த ஊசி இல்லாவிட்டால் இவள் பிழைக்க மாட்டாளா என்று கேட்டார். டாக்டர் மறைக்கவில்லை. போட்டால் கொஞ்சம் சீக்கிரம் தேறலாம், போடாமலும் தேறுவார்கள், நேற்றைவிட இன்று இரண்டு பிள்ளைகள் கூடுதலாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அவர் திரும்பி வந்து, "ஆப்பிள வச்சிட்டுப் போங்கய்யா. நெலத்தப் பத்தி கோர்ட்டுல பேசிக்கலாம்" என்றார். பாக்கியம் அக்கா ஆப்பிளை வார்டு முழுக்கப் பங்கு போட்டுவிட்டார்.

பகலில் என் வீட்டுக்காரர் வார்டுக்குள் வரலாம், ராத்திரி வெளியே மரத்தடியில்தான் படுக்கை. அங்கே படுத்திருந்த ஆண்கள் எல்லாருமே விவசாயிகள். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்பதுதான் பேச்சாம். காலையில் வந்து அந்தச் சேதிகளை எனக்குச் சொல்லிக்கொண்டே தலை பின்னிவிடுவார். அவருக்குத் தெரிந்த பின்னல் வைக்கோல் பிரி திரிப்பதுதான். இரண்டாகப் பிரித்து முறுக்கி முறுக்கி இறுக்கிவிடுவார். "போர் கட்டப் போறியா தம்பி, பொண்டாட்டிக்குத் தல பின்றியா?" என்று அக்கா கேட்டதும் எதிர்க் கட்டில் கிழவி தையல் பிரியும் அளவுக்குச் சிரித்தாள். என் முகத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது. அதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடி பிறந்து நோய் ஏறுவது நின்றது. சில நாள் அப்படியே நின்றது. பிறகு ஒரு நாள் காலையில் இழுத்திருந்த கடைவாய் அசைந்தது. ஏறியது எந்த வழியோ அதே வழியில் மேலேயிருந்து கீழே இறங்கியது. முகம், தோள், கை, இடுப்பு, தொடை. இப்படி வருபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கடைசியில் போனது முதலில் வரும், முதலில் போனது கடைசியில் வரும். பாதத்துக்காக அவசரப்படாதீர்கள்.

ஆவணியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நாலு எட்டு வைப்பேன். இடது பாதம் மட்டும் நுனி தொங்கித் தரையைத் தேய்த்தது. வாரத்துக்கு இரண்டு தடவை பயிற்சிக்கு வரவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். "பாதம் தொங்கிக்கிட்டே இருந்தா குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் சுருங்கி அப்படியே நின்னுடும். அப்புறம் உறை வளர்ந்தாலும் பிரயோஜனம் இல்ல. அறுத்து நீட்டணும். அதனால வராம இருந்துடாதீங்க."

வருவது எப்படி? பஸ்ஸைப் பார்த்தோம். படி குறுகல். நான் ஒரு காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஆகவே ரயில்தான். தஞ்சாவூரில் பிளாட்பாரம் பெட்டிக்குச் சமமாக இருக்கும், கவலையில்லை. எங்கள் ஊரில் பிளாட்பாரம் என்பது செம்மண் கொட்டிய தரை. தண்டவாளத்தோடு தண்டவாளமாகக் கிடக்கும். ரயில் நிற்பதும் கொஞ்ச நேரம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னை இறக்கியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. என் வீட்டுக்காரர் கீழே நின்று முதுகைக் காட்டினார். அக்கா மேலிருந்து என்னைச் சாய்த்துவிட்டார். நெல் மூட்டையை வாங்குவது போல வாங்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சு வரைக்கும் போனார். அவருக்குத் தெரிந்த முறை அதுதான். புடவை முழங்காலுக்கு ஏறிவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள், பரிதாபமாகப் பார்த்தார்கள். பரிதாபமாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "இனிமே தஞ்சாவூருக்கு வரமாட்டேங்க" என்றேன்.

"காலு?"

"போவட்டும்."

அவர் வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அடுத்த பயிற்சி நாளன்று காலையில் என்னைக் கேட்காமலே மாட்டு வண்டியில் தூக்கி உட்கார வைத்தார். வண்டிக்குள் பரம்புப் பலகை கிடந்தது. நடவுக்கு முன்னால் சேற்றை மட்டமாக்க மாடு பூட்டி இழுக்கும் கனத்த பலகை அது. அவர் அப்பா காலத்துப் பலகை, அடிப்பக்கம் தேய்ந்து கண்ணாடி போல இருக்கும்.

"இது எதுக்குங்க?"

"சும்மா கெடக்கட்டும்."

ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தாமல் அப்படியே செம்மண் பிளாட்பாரத்துக்குள் ஓட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே ஓடி வந்தார். "யோவ், யோவ்! இது என்ன சந்தையா? வண்டி மாட்டோட உள்ள வர்ற?"

"ஒரு மூட்டை ஏத்தணுங்க" என்றார் இவர்.

"எந்த மூட்டை?"

பாக்கியம் அக்கா என்னைக் காட்டினார். "இந்த மூட்டைதான் சார். உசுருள்ள மூட்டை. பார்சல் ஆபீசுல எடை போடணும்னா போட்டுக்குங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் என்னையும் என் காலையும் பார்த்தார். பாசஞ்சர் வரும் சத்தம் கேட்டது. "எனக்கு உள்ள டிக்கெட் வேலை இருக்கு. நான் எதையும் பார்க்கல" என்று சொல்லிக்கொண்டே போனவர், கதவருகே திரும்பி, "மாடு தண்டவாளத்துப் பக்கம் மூஞ்சிய வைக்கக் கூடாது, பார்த்துக்க" என்றார்.

ரயில் நின்றதும் என் வீட்டுக்காரர் நெல் லாரியில் மூட்டை ஏற்றுவது போலப் பின்புறமாக மாட்டைத் தள்ளி வண்டியைப் பெட்டிக் கதவுக்கு எதிரே ஒட்டி நிறுத்தினார். மாட்டு வண்டியின் தட்டும் ரயில் பெட்டியின் தரையும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நடுவில் பலகையைப் போட்டார். பாலம் ஆகிவிட்டது. அக்கா பெட்டிக்குள் நின்று இரண்டு கையையும் நீட்டினார். நான் புடவையை மடித்துப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த பலகையின் மேல் என் சொந்தக் காலால் உள்ளே போனேன். ஊதல் சத்தத்துக்கு வலத்து மாடு மிரண்டது. அவர் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. எல்லாரும் மாட்டைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் ஏற்றிவிட்டு வயலுக்குப் போவார். சாயங்கால வண்டிக்குப் பலகையோடு வந்து நிற்பார். கார்டு எங்கள் ஊர் வரும்போது தலையை நீட்டி, "மாடு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடி காட்டுவார்.

ஒரு சாயங்காலம் நாங்கள் வந்த வண்டியில் பண்ணையாரின் அண்ணனும் வந்தார். திருச்சியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மாலையும் காருமாகப் பண்ணையார் வீட்டு ஆட்கள் ஸ்டேஷனில் நின்றார்கள். ஒரு நாற்காலியைத் தூக்கிப் பிடித்தார்கள், அது ஆடியது. அவர் கதவுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம், என்னைத் திருச்சிக்கே அனுப்பிடுங்கடா" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த என் குரல்தான் அது.

என்னை இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் மாட்டு வண்டியை அடுத்த பெட்டிக் கதவுக்கு ஓட்டினார். பலகையைப் போட்டார். "மெதுவா வாங்கய்யா. நான் புடிச்சிருக்கேன்" என்றார். பண்ணையாரின் அண்ணன் வந்து வைக்கோல் மேல் உட்கார்ந்தார். பண்ணையார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தேய்ந்த பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குழறலாகக் கேட்டார். "பரம்பு தானே? நம்ம பண்ணைப் பரம்பா?"

"இல்லீங்கய்யா. எங்களுது" என்றார் இவர்.

காரியக்காரர் செருப்பைப் பார்த்தார். பண்ணையார் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

புரட்டாசியில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. முறை வைத்துத்தான் விட்டார்கள். எங்களுடையது கடைசி வயல். எங்கள் முறை நாளில் விடியற்காலை பரம்படித்துவிட்டு உடனே நடவு ஆட்களை இறக்க வேண்டும். தவறினால் தண்ணீர் மாறிவிடும், நாற்றும் முற்றிவிடும், வயல் தரிசு. அது வழக்குக்கு என்ன செய்யும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

அதே நாள்தான் எனக்குத் தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் பார்க்கும் நாள். அவர் மாதம் ஒரு முறைதான் வருவார். பாதம் தானாகத் தூக்குகிறதா, இல்லை அறுத்து நீட்ட வேண்டுமா என்று அன்றைக்குத்தான் முடிவு. இருப்பது ஒரு ஜோடி மாடு, ஒரு பலகை. பாசஞ்சரும் பரம்பும் ஒரே நேரம்.

முந்தின நாள் காரியக்காரர் வந்தார். இந்தத் தடவை ஆப்பிள் இல்லை. "பெரியவர் கேள்விப்பட்டாரு. அன்னிக்கி அவர் அண்ணனுக்குச் செஞ்சத மறக்கல. பண்ணை மாட்டையும் பரம்பையும் ஓட்டிக்கிட்டு போன்னாரு. நீ உன் வண்டிய ஸ்டேஷனுக்குக் கொண்டு போ."

"பெரிய மனசு. ஆனா வேணாங்கய்யா."

"ஏன்யா? நல்லதுக்குத்தானே சொல்றாரு."

"நல்லதுக்குத்தான். வேணாம்னு சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் போனதும் அக்கா பொரிந்து தள்ளினார். "வீம்பு! பொண்டாட்டி காலைவிட உனக்கு வீம்பு பெருசா?"

"அக்கா, நாளைக்கு அவரு மாடு நம்ம வயல்ல நடந்துச்சுன்னு வையி. பாத்தவங்க நாலு பேரு இருப்பாங்க. பண்ணை மாடு, பண்ணைப் பரம்பு, அப்ப உழுதவன் பண்ணையாளு. முடிஞ்சு போச்சு."

"அவரு அப்படி நெனச்சு அனுப்பலன்னா?"

"அவரு நெனைக்கலதான். அவங்க வக்கீலு நெனப்பாருல்ல."

பண்ணையார் உண்மையிலேயே நன்றியில்தான் அனுப்பினார் என்று நான் இன்றும் நம்புகிறேன். அதை வாங்கிக்கொள்ள முடியாத இடத்தில் எங்களை வைத்ததும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் என் காலடியில் உட்கார்ந்து தொங்குகிற பாதத்தை, டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி, மேல்நோக்கி வளைத்துப் பிடித்தார். "ஸ்டேஷனுக்கே போறேன்" என்றார். "வயலு போனா போவட்டும்."

நான் முன்பு "போவட்டும்" என்று சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"இல்லீங்க" என்றேன். "என்னை இருட்டோட ஸ்டேஷன் பெஞ்சுல விட்டுட்டு நீங்க வயலுக்குப் போங்க. நான் ஏறிக்கிறேன்."

"எப்படி ஏறுவே?"

"தெரியல. ஏறிக்கிறேன்."

அப்படித்தான் செய்தார். விடியும்போது என்னையும் அக்காவையும் பெஞ்சில் விட்டார். "ஏற முடியலன்னா இங்கயே உக்காந்திரு. நடவு முடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னார். வண்டி திரும்பியது. பலகையின் முனை பின்னால் நீட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே போனது. அதைப் பார்த்தபோது தைரியமெல்லாம் போய்விட்டது.

பாசஞ்சர் வந்தது. மாட்டைக் காணாமல் கார்டு கையை விரித்தார். பெட்டியிலிருந்து கூட்டமாகப் பெண்கள் இறங்கினார்கள். எங்கள் வயலுக்கு வரும் நடவு ஆட்களேதான், அடுத்த ஊரிலிருந்து ஒரே ஸ்டேஷன் தூரம் வருகிறவர்கள். வழக்கமாக டிக்கெட் தொல்லைக்குப் பயந்து எதிர்ப்பக்கம் குதித்து ஓடிவிடுவார்கள். அன்று மழை ஈரத்தில் அந்தப் பக்கம் வழுக்கும் என்று நேராகவே இறங்கினார்கள். முன்னால் நின்றவர் அஞ்சம்மாள். என்னைவிட மூத்தவர். அந்தக் கூட்டத்துக்கு அவர் சொன்னதுதான் வேலை.

"அட, வசந்தாம்மாவா? எங்க ஒங்க மாடு?"

"வயல்ல பரம்படிக்குதுக்கா."

"அப்ப நீங்க எப்படி ஏறுவீங்க?"

நான் படியைப் பார்த்தேன். அஞ்சம்மாள் என்னையும் படியையும் ஒரு தடவை பார்த்தார். தூக்குச்சட்டியை இன்னொருத்தி கையில் கொடுத்தார். படிக்குக் கீழே ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையைப் பலகை போல மட்டமாக வைத்து உட்கார்ந்தார்.

"ம், வைங்க காலை."

"ஐயோ, ஒங்க மேலயா? நான் மாட்டேங்க்கா."

"பொழுதுக்கும் சேத்துல நிக்கிற தொட இது. ஒங்க காலு என்ன பண்ணிடும்? வைங்க. வண்டிய எடுத்துருவான். ஏய் செல்வி, நீ மேல ஏறி கையப் புடி. யோவ் கொடிக்காரரே, செத்த நேரம் அந்தப் பச்சையச் சுருட்டி வையும்!"

கார்டு உண்மையாகவே சுருட்டிக்கொண்டார்.

நல்ல காலை, வலது காலை, அவர் தொடைமேல் வைத்தேன். பின்னாலிருந்து அக்கா இடுப்பைப் பிடித்தார். மேலிருந்து செல்வி கையைப் பிடித்தாள். அஞ்சம்மாளின் தொடை கொஞ்சமும் அசையவில்லை. எழுந்து நின்றேன். இனி இடது கால் படிக்குப் போகவேண்டும். பாத நுனி படியின் விளிம்பில் தட்டினால் போச்சு. டாக்டரம்மா சொல்வார், பாதத்தைத் தூக்க நினைக்காதீர்கள், முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவர நினையுங்கள் என்று. நினைத்தேன். கால் போனது. தட்டவில்லை. குனிந்து பார்க்கிறேன், தொங்கிக்கொண்டிருந்த பாதம் கட்டைவிரலை மேலே தூக்கிக்கொண்டு படிமேல் இருக்கிறது. அது எப்போது தூக்கியது என்று எனக்கே தெரியாது.

உள்ளே போனதும் திரும்பி, கால் பட்டதற்காக அஞ்சம்மாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினேன். எட்டவில்லை. அவர் புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "போய்ட்டு வாங்க. நாங்க போயி ஒங்க வயலுக்குப் பச்சப் புடவ கட்டிவிடறோம்" என்றார். செல்வி இறங்கிக்கொள்ள, அக்கா ஏறிக்கொள்ள, வண்டி நகர்ந்தது.

ஸ்டேஷனைத் தாண்டி ஒரு மதகு, அதைத் தாண்டினால் தண்டவாளத்தை ஒட்டியே எங்கள் வயல். சன்னல் ஓரத்தில் என்னைத் தள்ளி உட்கார வைத்தார் அக்கா. வயல் முழுக்கத் தண்ணீர். தண்டவாளத்தை ஒட்டிய மூலையில் என் வீட்டுக்காரர் பரம்புப் பலகை மேல் நின்றுகொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மாட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சன்னலாக ரயிலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கையை வெளியே நீட்டினேன். வெட்கத்தை விட்டு முழங்கை வரைக்கும் நீட்டி ஆட்டினேன். அவர் மாடு ஓட்டும் தார்க்கோலைத் தலைக்கு மேல் தூக்கினார். மாடு தன் இஷ்டத்துக்கு வரப்புப் பக்கம் திரும்பிவிட்டது.

எலும்பு டாக்டர் என் பாதத்தைப் பார்த்துவிட்டு அறுக்க வேண்டாம் என்றார். கார்த்திகையில் வாக்கரை விட்டேன். தையில் பள்ளிக்கூடத்து அடுப்புக்குத் திரும்பினேன். வழக்கு இன்னும் நடக்கிறது. வயலில் நாங்கள்தான் இருக்கிறோம்.

அந்த வருஷம் பயிர் நன்றாக இருந்தது, தண்டவாளத்துப் பக்கம் ஒரு மூலையைத் தவிர. அங்கே பரம்பு சரியாகப் படாமல் மேடாகிவிட்டது. தண்ணீர் ஏறவில்லை. பயிர் ஒரு சாண் குட்டையாகவே நின்றது. வாய்க்கால் கரையில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்பார்கள். "என்ன கலியபெருமாளு, நல்லா பரம்படிக்கிறவனாச்சே நீ? இந்த எடத்துல மட்டும் என்ன ஆச்சு?"

"மாடு கொஞ்சம் கோணிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்ப்பார். அறுப்பு வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ரயிலில் போகும்போது நான் அந்த மூலையைத்தான் தேடுவேன்.